புதுப்பிப்பு: ஜிப்சம் கலந்த மண்ணில் அஸ்திவாரம் (கடலூர்)

எங்கள் மனையில் லாரியில் வந்து கொட்டிய மண்ணில் வெள்ளைப் படிகங்கள் (ஜிப்சம், அதாவது தண்ணீரில் கரையும் கால்சியம் சல்பேட்) மின்னியதையும், தண்ணீர் விட்டதும் குழி பொதக்கென்று இறங்கியதையும் சொல்லி, சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்தலாமா என்று மழைக்கு முன்பு கேட்டு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அஸ்திவாரம் முடிந்து ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டது; விரிசல் இல்லை.

கைகொடுத்தது, "சுண்ணாம்பு கலக்காதீங்க, மண்ணையே மாத்திடுங்க" என்று அரியலூர் அண்ணன் சொன்னதுதான். மேஸ்திரிக்கு நம்பிக்கை வரவில்லை. சரி என்று அந்த மண்ணில் சுண்ணாம்பு கலந்து, பழைய பெயின்ட் டப்பாவில் ஈரமாகவே வைத்தோம். சில வாரங்களில் விளிம்புக்கு மேல் உப்பி வெடித்திருந்தது. சுண்ணாம்பு, களிமண்ணின் அலுமினா, ஜிப்சத்தின் சல்பேட் மூன்றும் ஈரத்தில் சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் உப்பிப் பெருகும் படிகம் ஆவதால் வரும் வீக்கம் அது. அப்புறம் மேஸ்திரியே ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு அடியில் இருந்த மண்ணை எடுத்துவிட்டு, கிராவலை 20 செ.மீ. அடுக்குகளாகத் தண்ணீர் தெளித்து இடித்தோம். ஆய்வகத்தில் பழைய மண்ணின் சல்பேட் (கான்கிரீட்டை அரிப்பது) 0.5க்கும் 1 சதவீதத்துக்கும் நடுவில் வந்தது. அதனால் ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) படி ஸ்லாக் சிமென்ட் (இரும்பு ஆலைக் கசடு கலந்தது), கான்கிரீட் கனமீட்டருக்கு 350 கிலோ, நீர்-சிமென்ட் விகிதம் 0.45.

எதிர்பாராத ஒன்று: காம்பவுண்டு ஓரம் விட்டுவைத்த பழைய மண், மாடித் தண்ணீர் கொட்டும் இடத்தில் மட்டும் உள்வாங்கிவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் 2 கிராமுக்கு மேல் ஜிப்சத்தைக் கரைக்கும். இப்போது அந்தத் தண்ணீரைப் பைப் போட்டுத் தெரு வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விட்டோம்.