கோசோவில் காற்று, அம்மாவுக்கு முழங்கால் வலி: நாளைக்கு எங்கே போவது?

மால்டாவின் கோசோ தீவில் இருக்கிறோம், நானும் அம்மாவும். ஐந்து நாளில் மூன்று போய்விட்டது, போட்ட திட்டமெல்லாம் காற்றோடு போச்சு. நிஜமாகவே காற்றுதான், நேற்றிலிருந்து வடமேற்கிலிருந்து விடாமல் அடிப்பதால் பக்கத்துத் தீவான கொமினோவின் புளூ லகூனுக்குப் போகும் படகை நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவுக்கு 67 வயது, இருபது படிக்கு மேல் ஏற முடியாது. கார் இல்லை, விக்டோரியாவில் தங்கி பேருந்தில்தான் சுற்றுகிறோம்.

எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்திய ஜிகாந்தியா கோயில்களைப் பார்த்தாச்சு, அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. சிட்டாடெல்லா கோட்டை பாதிவரை. அப்புறம் துவெய்ரா: அங்கிருந்த பாறை வளைவு 2017 மார்ச்சிலேயே இடிந்து விழுந்தது தெரியாமல் ஆசையோடு வந்த அம்மாவிடம் வெறும் கடலைக் காட்ட வேண்டியதாயிற்று. ரம்லா சிவப்பு மணல் கடற்கரை வடக்கே இருப்பதால் அலை அதிகம், இறங்கவில்லை. மால்டா பெரிய தீவுப் பக்கம் ஹைப்போஜியம் என்ற நிலத்தடிப் புதைகோயிலுக்கு டிக்கெட் தேடினேன், தீர்ந்துவிட்டது.

தெற்குக் கரை காற்றுக்கு மறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு ஷ்லெண்டி, ஹொண்டோக் என்ற இரண்டு கடற்கரைகளையும் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. பேருந்தை விட்டு இறங்கி அதிகம் நடக்காமல், படி இல்லாமல், அம்மா கால் நனைக்க இந்த இரண்டில் எது சரி?