செல்ஃபிஷ் மைனிங் சிமுலேஷன்: 40% ஹாஷ் பலம் இருந்தும் நஷ்டம் காட்டுகிறது, எங்கே தப்பு?

நோன்ஸ்தேடி:
வணக்கம். இட்டாய் எயால், எமின் குன் சிரர் 2013-ல் பிட்காயின் பற்றிச் சொன்ன செல்ஃபிஷ் மைனிங்கைப் பைத்தானில் எழுதிப் பார்க்கிறேன். கண்டுபிடித்த பிளாக்கை (பரிவர்த்தனைக் கட்டு; செயினில் நின்றால் காயின் கிடைக்கும்) பதுக்கி வைத்து, மற்றவர்கள் நெருங்கும்போது அவிழ்த்துவிடும் மைனர் (கணினியால் பிளாக் தேடுபவர்). ஹாஷ் பலம், அதாவது எல்லா மைனர்களின் கணிப்புத் திறனில் அவர் பங்கு, 40%. 1,00,000 பிளாக் ஓடவிட்டேன். ஒழுங்காக வெளியிட்டிருந்தால் 40,000 தேறும். பதுக்கியதில் 34,100 சொச்சம்தான் செயினில் (எல்லோரும் ஏற்கும் பிளாக் வரிசையில்) நிற்கிறது. மூன்று ராத்திரியாக ஃபோர்க் (செயின் இரண்டாகப் பிரியும் இடம்) பகுதியைக் குடைகிறேன், பிழை சிக்கவில்லை.

ஹாஷ்கிறுக்கன்:
ரேண்டம் சீடை மாத்திப் பாருங்க.

நோன்ஸ்தேடி:
பத்து சீட் போட்டாச்சுங்க, அதே கதை.

பழைய_நோட்:
மற்றவர்களுக்கு எத்தனை நின்றது? அதைச் சொல்லவே இல்லையே.

நோன்ஸ்தேடி:
36,400 கிட்ட. மீதி 29,500 அநாதை பிளாக் (நீளமான செயினிடம் தோற்றுத் தள்ளப்பட்டவை).

பழைய_நோட்:
அப்போ கோட் சரி, வகுக்கிற எண்தான் தப்பு. செயினில் நின்றது 70,500. அதில் 34,100 என்றால் 48.4%. பதுக்குவதில் அவருக்கும் அடி, மற்றவர்களுக்கு அதைவிடப் பெரிய அடி. மொத்த விளையாட்டே இதுதான்.

ஆனால் பங்கு கூடியதும் காசு வந்துவிடாது. பிட்காயினில் டிஃபிகல்ட்டி (பிளாக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்ற அளவு) 2,016 பிளாக்குக்கு ஒருமுறைதான் மாறும். வழக்கமாக 14 நாள். இவ்வளவு அநாதை விழுந்தால் 20 நாள் இழுக்கும். அந்த 20 நாளில் இவருக்கு 975 பிளாக், ஒழுங்காக இருந்திருந்தால் 1,144. சுமார் 169 பிளாக் கைநஷ்டம். டிஃபிகல்ட்டி இறங்கியபின் நாளுக்கு 12 பிளாக் கூடுதலாக வரும்; விட்டதைப் பிடிக்க இன்னும் 14 நாள். உங்கள் கோடில் டிஃபிகல்ட்டியே இல்லை, அதனால் முதல் 20 நாளிலேயே நிற்கிறீர்கள்.

(‘மைனர் செயின்’ என்று வேரியபிளுக்குப் பெயர் வைத்திருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள், படிக்கும்போது சிரிப்பு வரும்.)

நோன்ஸ்தேடி:
அடடா! வைத்திருக்கிறேன் :) இன்னொன்று. 30% கொடுத்தால் பங்கு 27.3%தான் வருகிறது. 25% தாண்டினாலே லாபம் என்று படித்தேனே?

பழைய_நோட்:
இரண்டு பக்கத்துச் செயினும் ஒரே நீளத்தில் மோதினால் மற்றவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள்?

நோன்ஸ்தேடி:
எப்போதும் நேர்மையான பிளாக் பக்கம்.

பழைய_நோட்:
அப்படியானால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டணும். 25% என்பது பாதிப் பேர் பதுக்கியவர் பக்கம் சாயும்போது. காசு சுண்டிப் போடுகிற மாதிரி மாற்றி ஓட்டுங்கள்.

நோன்ஸ்தேடி:
32.7%! நன்றி அண்ணா.

கிளைமுறி:
கணக்கு சரிதான். ஆனால் இவ்வளவு அநாதை பிளாக் விழுந்தால் ஊருக்கே தெரியும். 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற பூல் (மைனர்களின் கூட்டு) மொத்த ஹாஷ் பலத்தில் 50% தொட்டதுமே மைனர்கள் விலக ஆரம்பித்தார்கள். அந்த பூலும் 40%-க்குமேல் போகமாட்டோம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. காயின் விலை சரிந்தால் பதுக்கியவர் வாங்கிப் போட்ட ஏசிக்குக்கு (மைனிங்குக்கென்றே செய்த சிப்) வேறு வேலையும் கிடையாது. விலையை என்னவென்று வைத்திருக்கிறீர்கள்?

நோன்ஸ்தேடி:
நான்காவது வரி: விலை = 1. மாறவே மாறாது.