மறு: மண் மூடாத விதைப்புக்கு ஒரு சொல் (அசேலியா)

அன்பு நண்பர்களே,

வெள்ளிக்கிழமை நாற்றங்கால் கையேடு அச்சுக்குப் போகிறது. விதைத்து மண் மூடாமல் விடுவதற்கு, பதினேழு மடல் ஆகியும் சொல் அமையவில்லை. எனக்குப் பிடித்தது 'மூடாவிதைப்பு'; உங்கள் கேள்விகளுக்குக் கீழே பதில்.

அசேலியா என்கிற பூச்செடியின் விதை தூள் மாதிரி இருக்கும். அரைத்த ஸ்பாக்னம் பாசியை நனைத்துப் பரப்பி, அதன் மேல் தூவி, அப்படியே விட வேண்டும். முளைக்க வெளிச்சம் வேண்டும். பாலித்தீன் போர்த்தி ஈரம் காத்தால் 2 முதல் 4 வாரத்தில் முளை தெரியும். நாற்றங்கால் அக்காக்கள் கீரை விதைத்த பழக்கத்தில் மேலே மணல் தூவிவிடுகிறார்கள். அந்தக் கையை நிறுத்துகிற சொல் எனக்கு வேண்டும்.

> மேல்விதைப்பு போதுமே, எல்லோருக்கும் புரியும்.

தப்பாகப் புரியும். அடியுரம், மேலுரம் என்று பழகியவர்களுக்கு 'மேல்' என்றால் பிறகு இடுவது. இரண்டாம் முறை விதைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

> தூவல்?

வயலில் தூவிய பின் உழுது மூடுவதும் உண்டு.

> 'மூடாவிதைப்பு' பிழை. மூடாதது விதையா, விதைப்பா?

ஐயா, உண்ணாநோன்பில் உண்ணாதது நோன்பா? 'மூடாத' என்பதன் கடைசி எழுத்து கெட்டு 'மூடா' ஆகிறது; ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், நன்றாகவே நிற்கிறது.

> 'வித்தும் இடல்வேண்டும் கொல்லோ' என்கிறார் வள்ளுவர். 'ஒளிவித்தீடு' எனலாம்.

அந்தக் குறள் எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தச் சொல்லை நாற்றுத்தட்டில் எழுதி ஒட்டினால் விளக்கம் சொல்ல ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

செடிக்கே 'வறளி' என்று பெயர் வைக்கச் சொன்னவருக்கு: கிரேக்கத்தில் உலர்ந்தது என்ற பொருளிலிருந்துதான் அசேலியா வந்தது, சரி. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயசு தனிப் பேரினமாக வைத்ததை இன்று ரோடோடென்ட்ரான் என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் இதன் வேர் மேலாக ஓடுவது. மண் காய்ந்தால் செடி வாடிவிடும். அதற்குப் போய் வறளியா? நீலகிரியில் இருக்கும் ரோடோடென்ட்ரான் மரத்தை மலையாளத்தில் காட்டுப்பூவரசு என்கிறார்கள். அழகான பெயர், பூவரசுக்கும் அதற்கும் உறவில்லை என்றாலும். அசேலியா அசேலியாவாகவே இருக்கட்டும்.

இதுவரை மூடாவிதைப்புக்கு ஐந்து பேர், மேல்விதைப்புக்கு மூன்று பேர். மூடாவிதைப்பு என்றே போடப்போகிறேன், பக்கத்தில் 'மேலே மண் போடாதீர்கள்' என்றும். கொடைக்கானல் அக்கா மட்டும் இன்னும் ஒப்பவில்லை. "பாலித்தீன் போட்டு மூடச் சொல்கிறீர்கள், அப்புறம் எப்படி மூடா?" என்கிறார். நியாயமான கேள்வி. வியாழன் இரவு வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.