குழந்தைக்குப் பேதி: டெஸ்டில் என்ன வைரஸ் என்று தெரிந்ததா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நிலா அம்மா, ஈரோடு:
பாப்பாவுக்கு அப்போது பதினொரு மாதம். முதலில் வாந்தி, அப்புறம் தண்ணீராகப் பேதி. ரோட்டா வைரஸ் தடுப்புச் சொட்டு மருந்து எல்லாத் தவணையும் போட்டிருந்தோம். மோஷன் டெஸ்ட் எழுதினார்கள். டயப்பரிலிருந்து எடுக்கப் போனால் ஸ்பூனில் ஜெல் உருண்டைதான் வருகிறது. டயப்பரை உள்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்பிக் கட்டச் சொன்னார் ஆயாம்மா, அப்புறம்தான் சாம்பிள் கிடைத்தது. ரோட்டா நெகட்டிவ். "வைரஸ் இல்லம்மா" என்று ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். மறுநாள் ராத்திரி எனக்கு வாந்தி, விடிவதற்குள் மாமியாருக்கும். வைரஸ் இல்லை என்று எதை வைத்துச் சொன்னார்கள்?

லேப்காரன்:
சகோதரி, மோஷனை விட்டுக் கோடு வருகிறதா என்று பார்க்கிற அந்த டெஸ்ட் கார்டு ரோட்டாவைத்தான் பார்க்கும். சிலவற்றில் அடினோ வைரஸும் சேர்ந்திருக்கும். பேதி தருகிற மற்ற வைரஸ்களான நோரோ, ஆஸ்ட்ரோ, சப்போ எல்லாம் அதில் தெரியாது. பெரியவர்களும் வரிசையாகப் படுத்தார்கள் என்றால் எனக்கு நோரோ மேல்தான் சந்தேகம். அதற்கு வைரஸின் மரபணுவைத் தேடுகிற ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் வேண்டும். என்னிடம் ஒரு அப்பா செல்போன் டார்ச் அடித்து கார்டைப் பார்த்தார். வைரஸ் இருந்தால் வருகிற டி கோடு மயிரிழையாக இருந்தது. பாசிட்டிவ் என்றேன். "கோடு லேசா இருந்தா நோயும் லேசுதானே சார்?" என்றார். உள்ளே குழந்தைக்கு ட்ரிப்ஸ் போட நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திருச்சி அப்பா:
பிசிஆர் என்று ஆசை காட்டாதீர்கள். எங்களுக்கு ஒரே சாம்பிளில் பல கிருமிகளைத் தேடுகிற பெரிய பிசிஆர் பேனலே எடுத்தார்கள். நோரோ, ரோட்டா இரண்டும் பாசிட்டிவ். டாக்டர் பார்த்துவிட்டு அதே ஓஆர்எஸ்ஸைத் தொடரச் சொன்னார். இதற்கா அவ்வளவு பணம்?

வேலூர்க்காரி:
இரண்டும் வந்தால் எது காரணம் என்று பேனல் சொல்லாது. எங்கள் ஊர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள், முடிவு 2011-ல் வெளிவந்தது. பேதி இல்லாதபோதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் வாங்கினார்கள். அக்கா பையனும் அதில் உண்டு. ஓடியாடி விளையாடுகிற பிள்ளையிடம் எதற்கு டப்பா நீட்டுகிறார்கள் என்று அக்காவுக்கு ஒரே எரிச்சல். ஆரோக்கியமான குழந்தை மலத்திலும் வைரஸ் இருக்கும் என்பது அப்படிப் பார்த்தால்தானே தெரியும்!

மதுரை பாட்டி:
பேரனுக்கும் வந்தது, டெஸ்ட் எடுக்கவில்லை, சரியாகிவிட்டது. டெஸ்டை விடுங்கள் கண்ணுகளா. பெரிய ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கணும், பாதி பாக்கெட்டைக் கண்ணளவில் டம்ளரில் போடாதீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள். ஆறு மாதம் தாண்டினால் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. பேதி நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழி விழுந்தாலோ, ஒன்றுக்குப் போகாமல் சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஓடுங்கள். சானிடைசர் நோரோவுக்கு அவ்வளவாக உதவாது, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

லேப்காரன்:
பாட்டி சொல்வது சரி. ஆனால் திருச்சி சார், பேனல் வந்த பிறகு ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார்களா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

திருச்சி அப்பா:
நிறுத்தினார்கள். வைரஸ் பேதிக்கு அதை முதலில் ஆரம்பித்ததே தப்பு. அதை நிறுத்த நான் பேனலுக்குப் பணம் கட்ட வேண்டுமா?