எம்ஆர்என்ஏ தடுப்பூசி ஸ்டோரேஜ்ல ஒரு டவுட், தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஃப்ரெண்ட்ஸ், அடுத்த வாரம் எனக்கு செமினார், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். 2020 கடைசில ஃபைசர் கொரோனா ஊசிக்கு மைனஸ் 70 டிகிரி வேணும்னாங்க, மாடர்னாவுக்கு மைனஸ் 20 போதும்னாங்க, ரெண்டுலயும் கொழுப்பு உருண்டைக்குள்ளதான் ஆர்என்ஏ (எந்த புரோட்டீன செய்யணும்னு செல்லுக்கு சொல்ற மூலக்கூறு) இருக்கு, உறையும்போது காப்பாத்த சர்க்கரையும் ரெண்டுலயும் இருக்கு, அப்புறம் எதுக்கு 50 டிகிரி வித்தியாசம்?

ஆர்என்ஏ தண்ணியில தானாவே அறுந்துபோகும், ஒரு வெட்டு விழுந்தாலே முழு புரோட்டீன் வராது, அதுவரைக்கும் புரியுது. ஆனா மொதல்ல கெடுறது ஆர்என்ஏவா கொழுப்பா? ஃபைசர் பின்னாடி பாஸ்பேட் பஃபர (அமிலத்தன்மை மாறாம பாத்துக்குற கரைசல்) விட்டுட்டு டிரிஸ்ங்கிற வேற பஃபருக்கு மாறினாங்களே, இதுக்காகத்தானா? அப்புறம் மருந்து குப்பிய குலுக்காதீங்க, மெதுவா கவுத்து நிமித்துங்கன்னு வேற சொல்றாங்க (நான்லாம் மருந்துன்னாலே குலுக்குற ஆளு), அது ஏன்? ஃபார்முலேஷன் (மருந்துக் கலவை உருவாக்குறது) பக்கம் வேலை பாக்குறவங்க யாராவது இருந்தா ப்ளீஸ், படிச்சு படிச்சு தலை சுத்துது.