இரண்டு இரவு கூடாரம் போட இடம் தேவை

அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் தக்கலையிலிருந்து நான், மனைவி, பத்து வயது மகள், மாமியார் என நான்கு பேர். ஜனவரிக் கடைசியில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்க ஆசை. செலவு 3,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மலையேற்றமெல்லாம் வேண்டாம், சும்மா கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் கடற்கரையில் போட்டோம். நள்ளிரவில் காற்று பிடித்ததும் முளைகள் ஒவ்வொன்றாக மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தன. அரிசிப் பைகளில் மணலை நிரப்பி, கயிறு கட்டிப் புதைத்த பிறகுதான் கூடாரம் நின்றது. அதற்குள் விடிந்துவிட்டது.

ஆகவே இம்முறை கடல் வேண்டாம். பேச்சிப்பாறை, குலசேகரம், திற்பரப்புப் பக்கம் யாராவது தங்கள் தோட்டத்தில் இடம் தருவார்களா? காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்க முடியாது என்பது தெரியும். தனியார் நிலம்தான் கேட்கிறேன். அந்த நேரத்தில் ரப்பர் இலையுதிர்ந்து நிழல் இருக்காது. தென்னந்தோப்பில் தலையில் தேங்காய் விழும். மாமரமோ பலாவோ நிற்கும் விளை (தோட்டம்) என்றால் நல்லது. கழிப்பறையும் கிணறும் அவசியம்.

தார்ப்பாய், டார்ச், கொசுவலை, சிறிய அடுப்பு, மரச்சீனிக் கிழங்கு, கருவாடு, சுக்கு, கருப்பட்டி எடுத்து வைத்தாயிற்று. காந்தாரி மிளகாய் அரைக்க அம்மியும் வேண்டும் என்கிறார் மாமியார். பஸ்ஸில் அதை யார் தூக்குவது?

இன்னொன்று: விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறம் வியர்த்துப் போர்வை நனைந்துவிடுகிறது. வாயிலைத் திறந்தால் கொசு. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?