கென்யாவின் செனட் 1966இல் கலைந்த கதை தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கென்யாவின் அரசமைப்பு வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லப்போகிறேன். 1982இல் 2ஏ என்ற ஒரே பிரிவைச் சேர்த்து நாட்டை ஒரு கட்சி ஆட்சியாக்கியது, 1991இல் அதை நீக்கியது எல்லாம் படித்துவிட்டேன். புதிய அரசமைப்பு வரைவு மீதான 2005 பொது வாக்கெடுப்பைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்: வாழைப்பழம் என்றால் ஆம், ஆரஞ்சு என்றால் வேண்டாம். எழுத்தறியாதவரும் வாக்களிக்கலாம். ஆரஞ்சு வென்றது. 2010இல்தான் புதிய அரசமைப்பு, 47 கவுண்டிகள் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்).

தொடக்கம்தான் இடிக்கிறது. 1963இல் மண்டலங்களுக்கு அதிகாரம், நாடாளுமன்றத்தின் மேலவையாக ஒரு செனட். 1964இல் எதிர்க்கட்சியான ‘காடு’ (KADU) ஆளுங்கட்சியோடு இணைந்தது. சரி, அப்புறம் செனட்டர்கள் தங்கள் அவையையே மூட ஏன் சம்மதித்தார்கள்? அந்த விவாதப் பதிவுகளைப் படித்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். வகுப்பு அடுத்த வாரம்.